அவமானம் யாருடையது? இடைக்காலக் கிறிஸ்தவ அறநெறி சொன்னது என்ன

கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக்கின் கோத் படை ரோம் நகருக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. பெண்கள் பலர் வன்புணர்வுக்கு ஆளானார்கள். கன்னிமை விரதம் பூண்ட கிறிஸ்தவப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். சிலர் அந்தக் கொடுமைக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பிழைத்திருந்தவர்கள் மீது ஊர் பழி சுமத்தியது. கற்பு போன பிறகு இவர்கள் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள், உங்கள் கடவுள் ஏன் இவர்களைக் காக்கவில்லை என்ற கேள்விகள் கிறிஸ்தவர்களை நோக்கி வந்தன.

ரோமர்களிடம் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருந்தது. லுக்ரீசியா என்ற உயர்குலப் பெண்ணை அரசனின் மகன் மிரட்டி வன்புணர்ந்தான். அவள் தந்தையையும் கணவனையும் அழைத்து நடந்ததைச் சொல்லி, பழிவாங்கும்படி கேட்டுக்கொண்டு, கத்தியால் குத்திக்கொண்டு இறந்தாள். மானமுள்ள பெண் இப்படித்தான் நடந்துகொள்வாள் என்று பல நூற்றாண்டுகளாக ரோமர்கள் அவளைக் கொண்டாடினார்கள்.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார், 413இல் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' நூலின் முதல் பாகத்திலேயே இதை எதிர்கொண்டார். கற்பு மனத்தின் பண்பு. மனம் இசையாதபோது உடலுக்கு யார் எதைச் செய்தாலும் அந்தப் பண்பு குலைவதில்லை என்றார். லுக்ரீசியாவைப் பற்றி ஒரு பழைய பேச்சாளர் சொன்னதை எடுத்துக்காட்டினார்: அங்கே இருந்தவர்கள் இருவர், விபசாரம் செய்தவன் ஒருவன். குற்றம் செய்தவன் நாடுகடத்தப்பட்டதோடு தப்பினான், குற்றமற்றவளோ உயிரை இழந்தாள். இது என்ன நீதி என்று கேட்டார். உயிரோடு இருந்த ரோமப் பெண்கள் வாழ்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை என்பதே அவருடைய தீர்ப்பு.

அந்தப் பக்கங்கள் முழுவதும் இதே தெளிவோடு இல்லை. தங்கள் கற்பைப் பற்றி அந்தப் பெண்களுக்கு உள்ளூரச் செருக்கு இருந்திருக்கலாம், அதைத் தணிக்கவே கடவுள் இதை அனுமதித்திருக்கலாம் என்றும் அகுஸ்தினார் எழுதுகிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதுகில் இருந்த ஒரு சுமையை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றிவைத்தது போல் இருக்கிறது. ஆனாலும் அவர் போட்ட அடித்தளம் அடுத்த ஆயிரம் ஆண்டுக் கிறிஸ்தவ அறநெறிச் சிந்தனையைத் தாங்கியது. ஒருவருக்கு இழைக்கப்படும் அவமானம் இழைத்தவரின் பாவம். ஒருவரை உண்மையில் இழிவாக்குவது அவருடைய சொந்த மனம் இசைந்து செய்யும் தீமை மட்டுமே.

இடைக்கால இறையியலாளர்கள் இதிலிருந்து தொடங்கி மூன்று தனித்தனிக் கேள்விகளைக் கேட்டார்கள். பிறரால் நமக்கு வரும் அவமதிப்பை என்ன செய்வது? நாம் பிறருக்குச் செய்யும் அவமதிப்பு எவ்வளவு பெரிய குற்றம்? மனிதர் கடவுளையே அவமதிக்க முடியுமா?

மதிப்பு எங்கே இருக்கிறது?

அவமதிப்பைப் புரிந்துகொள்ள, அவர்கள் மதிப்பு என்று எதைக் கருதினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் டொமினிக்கன் துறவி தாமஸ் அக்வினாஸ் இதை அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்துக்கொண்டு விளக்குகிறார். ஒருவரிடம் இருக்கும் மேன்மைக்கு மற்றவர்கள் தரும் சாட்சியே மதிப்பு. எழுந்து நிற்பது, வணங்குவது, புகழ்ந்து பேசுவது எல்லாம் அந்தச் சாட்சியின் வடிவங்கள். சாட்சி சொல்பவரிடம்தான் சாட்சி இருக்கிறது. ஆகவே மதிப்பு, மதிப்பவரிடம் இருக்கிறதே ஒழிய மதிக்கப்படுபவரிடம் இல்லை. அதனால்தான் மனிதரின் இறுதி இன்பம் மதிப்பில் இல்லை என்று அவர் முடிவு செய்கிறார். பிறர் கொடுக்கவும் பறிக்கவும் கூடிய ஒன்றின் மேல் வாழ்க்கையைக் கட்ட முடியாது.

அக்வினாஸுக்கு இது ஏட்டுச் சிந்தனை மட்டும் அல்ல. அவர் தென் இத்தாலியின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். மகன் மோன்தே கசீனோ என்ற புகழ்பெற்ற மடத்தின் தலைவராக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அவரோ பிச்சை எடுத்து வாழும் புதிய டொமினிக்கன் துறவிகளோடு சேர்ந்தார். 1244இல் சொந்தச் சகோதரர்களே அவரை வழிமறித்துப் பிடித்து, ஏறத்தாழ ஓராண்டு குடும்பத்துக் கோட்டையில் அடைத்துவைத்தார்கள். அவர் மனம் மாறவில்லை.

அவர் வாழ்ந்த உலகில் மதிப்புதான் நாணயம். வீரப் பெருமக்கள் ஒரு சொல்லுக்காக வாளை உருவினார்கள். புகழுக்காக உயிரைப் பணயம் வைக்கும் போட்டிச் சண்டைகளை 1139இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் தடை செய்தது. அதில் இறப்பவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்றது. தடை பெரிதாக எடுபடவில்லை, போட்டிகள் தொடர்ந்தன.

இந்த உலகின் நடுவில் திருச்சபை வணங்கியதோ சிலுவையில் அறையப்பட்ட ஒருவரை. சிலுவை மரணம் ரோமப் பேரரசில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் தரப்பட்ட தண்டனை. ஆடை களைந்து, காறித் துப்பி, ஏளனம் செய்து, எல்லாரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிடுவார்கள். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இயேசுவைப் பற்றி "அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து" என்று சொல்கிறது. மிக இழிவானது என்று உலகம் தீர்ப்பளித்த மரணத்தை மிக உயர்ந்த அன்பின் செயலாகக் கண்ட ஒரு சமயம், உலகம் தரும் இழிவை இறுதித் தீர்ப்பாக ஒருபோதும் ஏற்க முடியாது. இடைக்கால எழுத்துகளில் இந்த எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. அசிசி நகரத் துறவி பிரான்சிஸ் சொன்னதாக வழங்கும் ஓர் உரையாடலில், குளிரில் நனைந்து வந்து மடத்துக் கதவைத் தட்டும்போது சொந்தச் சகோதரர்களே திட்டி விரட்டினாலும் பொறுமை குலையாமல் இருப்பதுதான் நிறைவான மகிழ்ச்சி என்கிறார்.

மனச்சான்று உனக்கு, நற்பெயர் பிறருக்கு

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உலகின் மதிப்பு நிலையற்றது என்றால், யார் என்ன சொன்னால் எனக்கென்ன என்று இருந்துவிடலாமா? இல்லை என்றார் அகுஸ்தினார். அவர் சொன்ன சூழ்நிலையும் கவனிக்கத்தக்கது.

ஹிப்போவில் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குருக்கள், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று உறுதி பூண்டவர்கள். அவர்களில் ஜனுவாரியுஸ் என்ற குரு சாகும் தறுவாயில் உயில் எழுதினார். உயில் எழுதினார் என்றால் சொத்து வைத்திருந்தார் என்று பொருள். ஊர் பேசத் தொடங்கியது. அகுஸ்தினார் அந்தச் சொத்தைக் கோவிலுக்கு ஏற்க மறுத்தார். சபையின் முன் நின்று விளக்கம் கொடுத்தார். அந்த மறையுரையில்தான், மனச்சான்று, நற்பெயர் என்று இரண்டு இருக்கின்றன, மனச்சான்று உனக்குத் தேவை, நற்பெயர் உன் அயலாருக்குத் தேவை என்றார். தன் மனச்சான்றை நம்பிக்கொண்டு நற்பெயரை அலட்சியம் செய்பவர் கொடுமை செய்கிறார் என்றும் சொன்னார்.

கொடுமை என்ற கடுமையான சொல்லை அவர் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம்மைப் பார்த்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். நாம் கெட்டவர் என்று அவர்கள் நம்பிவிட்டால் நன்மையின் மீதே நம்பிக்கை இழப்பார்கள். நற்பெயர் ஒருவருடைய தனிச் சொத்து மட்டும் அல்ல, சமூகத்தின் பொதுச் சொத்தும்கூட. 12ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு அகுஸ்தினாரின் இந்த வாக்கைச் சேர்த்துக்கொண்டது.

நாவின் பாவங்கள்

நற்பெயர் பொதுச் சொத்து என்றால், அதைப் பறிப்பது திருட்டு. இடைக்கால அறநெறியின் மிகக் கூர்மையான பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அக்வினாஸ் தம் பெருநூலான 'இறையியல் தொகுப்'பில், சொற்களால் பிறருக்குச் செய்யும் அநீதிகளை நீதி என்ற தலைப்பின் கீழ், கொலையையும் களவையும் ஆராய்ந்த கையோடு எடுத்துக்கொள்கிறார். நாகரிகம், நடத்தை என்ற மெல்லிய தலைப்புகளில் அவற்றை ஒதுக்கவில்லை.

முகத்துக்கு நேராக ஒருவரை இழித்துப் பேசுவது வசை. அது அவருடைய மதிப்பைப் பறிக்கிறது. முதுகுக்குப் பின்னால் இழித்துப் பேசுவது புறங்கூறல். அது அவருடைய நற்பெயரைப் பறிக்கிறது. முன்னது வழிப்பறி போன்றது, பின்னது களவு போன்றது என்கிறார். வழிப்பறிக்காரன் உடையவரின் கண்முன்னே பிடுங்குகிறான், அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல். திருடன் அஞ்சி, மறைந்து எடுக்கிறான். புறங்கூறல் பொருளைத் திருடுவதைவிடப் பெரிய பாவம், ஏனெனில் நற்பெயர் செல்வத்தைவிட மேலானது. உயிரைப் பறிப்பதைவிடச் சிறியது, ஏனெனில் உயிர் நற்பெயருக்கும் மேலானது.

வசைக்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு. ஒருவர் செய்த குற்றத்தைச் சொல்லித் திட்டுவது ஒன்று. பார்வையற்றவரைப் பார்த்துக் குருடு என்பது போல, அவர் செய்யாத, அவரிடம் இருக்கும் குறையைச் சொல்லி நோகடிப்பது இன்னொன்று. மூன்றாவது, இல்லாத காலத்தில் செய்த உதவியைப் பிறகு சொல்லிக்காட்டுவது. நான் இல்லாவிட்டால் நீ அன்றைக்கு என்ன ஆகியிருப்பாய் என்ற பேச்சு. கொடுத்தது கொஞ்சம், சொல்லிக்காட்டுவது நிறைய என்ற கருத்துள்ள, விவிலியத்தின் சீராக் நூல் வசனத்தை அவர் இதற்கு எடுத்துக்காட்டுகிறார். குடும்பங்களில் தினமும் நடக்கும் இந்த வன்முறையை ஒரு 13ஆம் நூற்றாண்டுத் துறவி தனியாகப் பிரித்துப் பெயர் கொடுத்துவைத்திருக்கிறார் என்பதைப் படித்தபோது அவர் மீதான மரியாதை எனக்குப் பலமடங்கு உயர்ந்தது.

புறங்கூறுவதற்குப் பொய்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. இல்லாததைச் சொல்வது, இருப்பதைப் பெரிதாக்குவது, யாருக்கும் தெரியாத உண்மைக் குற்றத்தை அம்பலமாக்குவது, செய்த நல்ல செயலுக்குக் கெட்ட நோக்கம் கற்பிப்பது எல்லாம் புறங்கூறல்தான். பிறருடைய நன்மையை மறுப்பதும், பேச வேண்டிய இடத்தில் கெட்ட எண்ணத்தோடு வாயை மூடிக்கொள்வதும் அதில் சேரும். காது கொடுத்துக் கேட்டு, தடுக்க முடிந்தும் தடுக்காதவரும் பங்காளி.

கோள் சொல்லுதல் தனி வகை. பேசும் விதத்தில் அது புறங்கூறல் போலவே இருக்கும், நோக்கம் வேறு. புறங்கூறுபவர் பெயரைக் கெடுக்க நினைக்கிறார், கோள்மூட்டி இரண்டு நண்பர்களைப் பிரிக்க நினைக்கிறார். அக்வினாஸ் இதை வசையைவிடவும் புறங்கூறலைவிடவும் கொடியது என்கிறார், ஏனெனில் மதிக்கப்படுவதைவிட நேசிக்கப்படுவது மேலானது. மதிப்பைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவர், அதற்கும் மேலே நட்பை வைத்தார் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து ஏளனம் வருகிறது. அதன் நோக்கம் மற்றவரை நாணிக் குறுகச் செய்வது. நேர்மையாக வாழ்பவரை ஏளனம் செய்வது மிக மோசமானது என்கிறார். அதைப் பார்ப்பவர்கள், நல்லவனாக இருந்தால் இப்படித்தான் சிரிப்பார்கள் போலும் என்று பின்வாங்கிவிடுவார்கள்.

இவை எல்லாவற்றிலும் சொன்ன சொல்லைவிடச் சொன்னவரின் எண்ணமே பாவத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. திருத்தூதர் பவுல் தம் கடிதத்தில் கலாத்திய நாட்டுக் கிறிஸ்தவர்களை அறிவிலிகள் என்று அழைத்தார். திருத்துவதற்காக அழைத்தார், அது பாவமாகவில்லை. விளையாட்டாகப் பேசும் கேலியும் அப்படியே, கேட்பவர் நொந்துபோவார் என்று தெரிந்தும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பேசாத வரை.

அப்படியானால் நம்மை ஒருவர் இழித்துப் பேசினால்? பொறுத்துக்கொள்ள மனம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஆனால் எப்போதும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை என்று பதில் வருகிறது. தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் அறைந்தபோது இயேசு மறு கன்னத்தைக் காட்டவில்லை, என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். வசைபாடுபவரின் துணிச்சலை அடக்குவது அவருடைய நன்மைக்காகவே தேவைப்படலாம். நம்மை நம்பியிருக்கும் பலருடைய நன்மைக்காகவும் தேவைப்படலாம். ஆனால் பதில் சொல்லத் தூண்டுவது அன்பாக இருக்க வேண்டும், சொந்தப் பெருமையின் மீதான ஆசையாக இருக்கக் கூடாது.

களவு என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? இதையும் அக்வினாஸ் விடவில்லை. பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தவர், நான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டு அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். சொன்னது உண்மை, ஆனால் சொன்ன விதம் அநீதி என்றால் சிக்கல் கூடுகிறது. பாவத்தை மறைக்க இன்னொரு பொய் சொல்ல முடியாது. ஆகவே, நான் பேசியது தவறு, அவர் பெயரை அநியாயமாகக் கெடுத்துவிட்டேன் என்ற அளவிலாவது சொல்ல வேண்டும். அதுவும் பயன்படாதபோது வேறு ஏதாவது வழியில் ஈடுகட்ட வேண்டும். முழுமையாகத் திருப்பித் தர முடியாத கடன்களில், இயன்றதைச் செய்ய வேண்டும் என்பது பொது விதி.

கடவுளை அவமதித்தல்

மனிதருக்கு மனிதர் செய்யும் அவமதிப்பிலிருந்து இன்னொரு தளத்துக்குப் போனவர் அன்செல்ம், கேன்டர்பரி பேராயர். இங்கிலாந்து அரசன் இரண்டாம் வில்லியமோடு மோதி நாட்டை விட்டு வெளியேறி இத்தாலியில் இருந்தபோது, 1098இல், 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலை முடித்தார். போசோ என்ற துறவியோடு நடக்கும் உரையாடலாக அது அமைந்திருக்கிறது.

படைப்பு முழுவதும் கடவுளின் விருப்பத்துக்கு உட்பட்டிருக்கக் கடமைப்பட்டது; அதுவே நாம் கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மதிப்பு. அதைச் செலுத்தாதவர் கடவுளுக்கு உரியதைப் பறித்து அவரை அவமதிக்கிறார், பாவம் என்பது இதுவே என்கிறார் அன்செல்ம். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதாது. ஒருவரின் உடல்நலத்தைக் கெடுத்தவர், நலத்தை மீட்டுத் தந்தாலும் அவர் பட்ட வலிக்கும் ஈடு தர வேண்டும். மதிப்பைப் பறித்தவரும் அப்படியே.

அவமதிப்பின் கனம் என்ன? போசோவிடம் அன்செல்ம் ஒரு நிலையைக் கற்பனை செய்யச் சொல்கிறார். நீ கடவுளின் முன்னிலையில் நிற்கிறாய், ஒருவர் அந்தப் பக்கம் பார் என்கிறார், கடவுளோ பார்க்காதே என்கிறார். எதற்காக அந்த ஒரு பார்வையை நீ பார்க்கலாம்? உலகமே அழிந்துபோகாமல் காப்பதற்காகக்கூடப் பார்க்கக் கூடாது என்று போசோ ஒத்துக்கொள்கிறார். பாவத்தின் கனத்தை நீ இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று அன்செல்ம் சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான். இவ்வளவு பெரிய கடனை மனிதர்தான் கட்ட வேண்டும், கடவுளால் மட்டுமே கட்ட முடியும். ஆகவே கடவுளாகவும் மனிதராகவும் இருக்கும் ஒருவர் தேவைப்பட்டார் என்பது நூலின் முடிவு.

மானம் கெட்டுக் கோபத்தில் இருக்கும் நிலக்கிழாராகக் கடவுளை அன்செல்ம் சித்தரித்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்வோர் உண்டு. நூலைப் படித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கடவுளின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாது என்று அவரே தெளிவாக எழுதுகிறார். கடவுளை அவமதிப்பவர் உண்மையில் குலைப்பது படைப்பின் ஒழுங்கையும் அழகையும், அதில் தனக்குரிய இடத்தையும்.

12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியல் ஆசிரியர் அபெலார் இந்தக் கருத்தை இன்னும் உள்ளே கொண்டுபோனார். பாவம் செயலில் இல்லை, தீமைக்கு மனம் இசைவதில் இருக்கிறது. அந்த இசைவே கடவுளை அலட்சியம் செய்வது. அவர் காதலித்து மணந்த எலோயிசின் உறவினர்கள் ஏவிய ஆட்கள் அவரை ஆண்மை நீக்கம் செய்தபோது காயத்தைவிட வெட்கமே அதிகம் வலித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1121இல் சுவாசோன் திருச்சபைச் சங்கத்தில் தம் நூலைத் தம் கையாலேயே தீயில் போட வேண்டி வந்தபோது, உடலுக்கு நேர்ந்ததைவிடப் பெயருக்கு நேர்ந்ததற்காக அதிகம் அழுதார். உள்ளத்தின் இசைவில் மட்டுமே இழிவு இருக்கிறது என்று கற்பித்தவருக்கும் பிறர் தந்த இழிவு அவ்வளவு வலித்தது.

அக்வினாஸ் அன்செல்மிடமிருந்து ஓரிடத்தில் விலகுகிறார். ஈடு பெறாமல் மன்னித்தால் கடவுள் நீதி தவறியவர் ஆகமாட்டார் என்கிறார். தனக்கு எதிராகச் செய்யப்பட்ட குற்றத்தை ஒருவர் ஈடு கேட்காமல் மன்னித்தால் அதற்கு இரக்கம் என்று பெயர், அநீதி என்று யாரும் சொல்வதில்லை.

வெட்கத்துக்கு ஒரு வேலை

அவமானத்துக்கு அஞ்சுவது நல்லதா? அக்வினாஸ் இதை நாணம் என்ற உணர்வாக ஆராய்கிறார். முழுமையான நற்பண்பு என்று சொல்ல முடியாது, ஆனால் புகழத்தக்க உணர்வு என்பது அவர் கருத்து. தீமையில் ஊறியவர்களுக்கு நாணம் இருப்பதில்லை. நற்பண்பில் முதிர்ந்தவர்களிடமும் அது வெளிப்படுவதில்லை, அஞ்ச வேண்டிய எதையும் அவர்கள் செய்வதில்லை என்பதால். இடையில் இருக்கும் நம் எல்லாருக்கும் அது ஒரு கடிவாளம். வழிப்போக்கரைவிட நமக்கு நெருக்கமானவர்கள் முன்னால் அதிகம் வெட்கப்படுகிறோம், அவர்களோடு நாளையும் வாழ வேண்டும் என்பதால், என்ற கவனிப்பும் அவருடையது.

பாவசங்கீர்த்தனத்தில் இந்த நாணத்துக்கு நேரடியான பங்கு இருந்தது. 1215இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம், அறிவு தெளிந்த வயதுடைய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்றது. வாய் திறந்து சொல்லும்போது வரும் வெட்கமே பரிகாரத்தின் ஒரு பகுதி என்ற கருத்து அதற்கு முன்பே பரவியிருந்தது. ஆனால் அந்த வெட்கம் குருவின் காதோடு முடிய வேண்டும். கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவி நீக்கி, கடுமையான மடத்தில் வாழ்நாள் முழுவதும் தவம் செய்ய அடைக்க வேண்டும் என்று அதே சட்டம் கட்டளையிட்டது.

மறைவான பாவத்துக்கு மறைவான தவம், ஊரறிந்த பாவத்துக்கு ஊரறிந்த தவம் என்பது பொது நெறி. பேராயர் தாமஸ் பெக்கட் 1170இல் கேன்டர்பரி பேராலயத்தில் அரசன் இரண்டாம் ஹென்றியின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். 1174 ஜூலையில் ஹென்றி வெறுங்காலோடு அந்த நகருக்குள் நடந்து வந்து, பெக்கட்டின் கல்லறையில் விழுந்து, ஆயர்கள், துறவிகள் கையால் கசையடி வாங்கினான். மறைவாகக் குற்றம் செய்தவரிடம் இப்படிக் கேட்க முடியாது. அவரைத் தனியே அழைத்துத் திருத்த வேண்டும், எடுத்த எடுப்பில் அம்பலப்படுத்தினால் நாணம் என்ற கடிவாளமும் அறுந்து அவர் துணிந்துவிடுவார் என்று அக்வினாஸ் எச்சரிக்கிறார்.

திருச்சபையே இழிவு சூட்டியபோது

இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்த ஒரு மரபு, தன் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன செய்தது? ரோமச் சட்டத்திலிருந்து திருச்சபைச் சட்டம் எடுத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு உண்டு: குற்றத்தால் பெயர் கெட்டவர்களைச் சட்டப்படி இழிந்தவர்கள் என்று அறிவிப்பது. அப்படி அறிவிக்கப்பட்டவர் பிறர் மேல் குற்றம் சாட்ட முடியாது, சாட்சி சொல்ல முடியாது, குருவாக முடியாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்கும் குருத்துவத்துக்குத் தடை இருந்தது; சிறப்பு அனுமதி பெற்றால்தான் நீங்கும். அந்தக் குழந்தை எதற்கு இசைந்தது?

1215இன் சங்கம் ஒருவர் மீது விசாரணை தொடங்க ஒரு நல்ல விதியும் வகுத்தது: எதிரிகளும் அவதூறு பேசுபவர்களும் சொன்னால் போதாது, நேர்மையான, விவேகமுள்ளவர்களிடமிருந்து புகார் பலமுறை வர வேண்டும். அதே சங்கம்தான் யூதர்களும் இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரியும் உடை அணிய வேண்டும் என்றும் ஆணையிட்டது. இங்கிலாந்தில் யூதர்கள் மார்பில் இரண்டு பலகை வடிவத் துணி, பிரான்சில் வட்டத் துணி என்று அது நடைமுறைக்கு வந்தது. 1229இன் துலூஸ் சங்கம், தப்பறைக் கொள்கையிலிருந்து, அதாவது திருச்சபை ஏற்காத கொள்கையிலிருந்து, மனம் மாறியவர்கள் ஆடையில் வேறு நிறத்தில் இரண்டு சிலுவைகள் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அவமானத்தை எண்ணாமல் ஒருவர் சுமந்த சிலுவையை, பிறரை அவமானப்படுத்தும் அடையாளமாக வெட்டித் தைத்தார்கள். அகுஸ்தினாரும் அக்வினாஸும் கட்டிய வாதங்களை வைத்தே இதைத் தவறு என்று காட்ட முடியும். அன்று அதிகாரத்தில் இருந்தவர்கள் அதைச் செய்யவில்லை.

ஒரு வழக்கில் மட்டும், காலம் கடந்தாவது, அந்த மரபு தன் சொந்த விதியைத் தனக்கே பொருத்திப் பார்த்தது. கடவுளிடமிருந்து வரும் குரல்கள் தனக்குக் கேட்பதாகச் சொல்லி, ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையை வழிநடத்திய ஜான் ஆஃப் ஆர்க் என்ற உழவர் வீட்டுப் பெண், 1431 மே 24 அன்று ரூவான் நகரில் புனித ஊவான் கல்லறைத் தோட்டத்தில் மக்கள் முன்னிலையில் மேடையேற்றப்பட்டு, தன் கொள்கையைக் கைவிடும்படி நெருக்கப்பட்டாள். மே 30 அன்று பழைய சந்தைத் திடலில் அவளை எரித்தார்கள். தப்பறையாளர், விசுவாச மறுப்பாளர் என்றெல்லாம் எழுதிய தொப்பியை அவள் தலையில் வைத்திருந்தார்கள். அவளுடைய தாய் இசபெல் ரோமே 1455 நவம்பரில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் நீதி கேட்டு மன்றாடினாள். போப் மூன்றாம் கலிஸ்துஸ் மறுவிசாரணைக்கு அனுமதி அளித்திருந்தார்.

1456 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. பழைய விசாரணையும் தண்டனையும் செல்லாது. ஜானுக்கோ அவள் குடும்பத்தாருக்கோ எந்த இழிவின் கறையும் ஒட்டவில்லை என்று நீதிபதிகள் அறிவித்தார்கள். தீர்ப்பை இரண்டு இடங்களில் உரக்க வாசிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். முதலில் அவளை மேடையேற்றிய புனித ஊவானில், மறுநாள் அவளை எரித்த பழைய சந்தைத் திடலில். அந்தத் திடலில் ஒரு சிலுவை நட வேண்டும் என்றும் தீர்ப்பில் இருந்தது. பெயரைப் பறித்த அதே இடத்தில், அதே மக்கள் காதில் விழும்படி, அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உயிரைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை. முந்தைய விசாரணையை நடத்திய ஆயர் கோஷோன் 1442இலேயே இறந்துவிட்டிருந்தார். ஒத்துக்கொள்ள வேண்டியவர் ஒத்துக்கொள்ளாமலே போனார். ஜானின் தாய் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தாள்.